மூன்று புள்ளிகளில் நிற்கும் வீடு

அமெரிக்கச் சாலைகளில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் வீட்டை டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை, கழிப்பறை எல்லாம் அதற்குள் அடக்கம். அதை ஓரிடத்தில் நிறுத்தியதும் செய்ய வேண்டிய முதல் வேலை மட்டம் பார்ப்பது. படுத்தால் உருளாமல் இருப்பதற்கான சொகுசு ஏற்பாடு என்றுதான் புதிதாக வாங்குபவர்கள் இதை நினைக்கிறார்கள். அந்த நினைப்பு எவ்வளவு செலவு வைக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, அதன் சமையலறையில் இருக்கும் குளிர்பெட்டியைப் பார்க்க வேண்டும்.

பல டிரெய்லர்களில் அந்தப் பெட்டி நம் வீட்டு ஃபிரிட்ஜ் போல உறுமாது. கம்ப்ரசர் கிடையாது, மோட்டார் கிடையாது, சுழலும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. பின்புறத்தில் சின்னதாக ஒரு கேஸ் சுடர் எரியும். அந்தச் சூட்டைக் கொண்டே உள்ளே ஐஸ் உறையும். 1922-இல் ஸ்டாக்ஹோமின் ராயல் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் இருவரும் இதை வடிவமைத்தார்கள். 1925-இல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் உரிமையை வாங்கிக்கொண்டது. அசையும் உறுப்பில்லாத குளிர்பெட்டி ஒன்றுக்கு ஐன்ஸ்டீனும் லியோ சிலார்டும் 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் கடைகளுக்கு வந்ததும், டிரெய்லர்களில் இன்றுவரை நிலைத்ததும் அந்த இரு மாணவர்களின் வடிவம்தான்.

அதன் குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் ஆகிய மூன்றையும் அடைத்து மூடியிருப்பார்கள். அடியில் உள்ள கொதிகலனில் அம்மோனியா கரைந்த தண்ணீர் சூடேறும்போது அம்மோனியா குமிழிகளாகக் கிளம்பும். கிளம்பும் குமிழிகள் ஒரு மெல்லிய குழாய் வழியே தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டு போகும். இந்தக் கருவியில் பம்பு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். மேலே போன தண்ணீர் தனியே பிரிந்து கீழிறங்கும். அம்மோனியா ஆவி இன்னும் மேலேறி, வெளிக்காற்றில் சூட்டை இழந்து திரவமாகும். அந்தத் திரவம் சரிவான குழாயில் வழிந்து உறைபகுதியின் பின்பக்கம் வரும்போது அங்கே ஹைட்ரஜன் நிறைந்திருக்கும். மொத்த அழுத்தத்தில் பெரும்பங்கை ஹைட்ரஜன் தாங்கிக்கொள்வதால் அம்மோனியாவின் பங்கு சட்டெனக் குறைகிறது. குறைந்த அழுத்தத்தில் அது எளிதாக ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைப் பெட்டிக்குள்ளிருந்து இழுத்துக்கொள்கிறது. பால் குளிர்வது இப்படித்தான். பிறகு அம்மோனியாவும் ஹைட்ரஜனும் கலந்த வாயு, வெறும் ஹைட்ரஜனைவிடக் கனமாக இருப்பதால், தானாகக் கீழே இறங்கும். மேலிருந்து வழிந்து வரும் தண்ணீர் அம்மோனியாவை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். ஹைட்ரஜன் மேலே திரும்பும். அம்மோனியாத் தண்ணீர் கொதிகலனுக்குத் திரும்பும்.

தூக்கும் வேலை ஒன்றைக் குமிழி செய்கிறது. திரவங்கள் இறங்கும் வேலை முழுவதும் புவியீர்ப்பின் பொறுப்பு. ஆகவே குழாய்களின் சரிவு எந்தக் கோணத்தில் வைத்து வளைக்கப்பட்டதோ அந்தக் கோணம் மாறக்கூடாது. டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் திரவம் வழியில் எங்காவது தேங்கும். கொதிகலனுக்குத் திரும்ப வேண்டிய தண்ணீர் திரும்பாது. சுடரோ நிற்காமல் எரியும். தண்ணீர் குறைந்த கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடேறும். இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க அந்தத் தண்ணீரில் சோடியம் குரோமேட் என்ற உப்பைக் கரைத்திருப்பார்கள். அதிகச் சூட்டில் அது பிரிந்து கட்டியாகி, குமிழி ஏறும் மெல்லிய குழாயின் உட்சுவரில் படியும். ஒரு நாளில் குழாய் அடைபட்டுவிடாது. ஒவ்வொரு தடவை சாய்ந்து நின்றபோதும் படிந்தது அப்படியே இருக்கும். அடுத்த தடவை அதன்மேல் இன்னொரு படிவு ஏறும். பிறகு மட்டமாக நிறுத்தினாலும் அது கரையாது. குளிர்பெட்டி ஒரு கோடையில் காரணம் தெரியாமல் செத்துப்போனதாகச் சொல்பவர்கள் பலருடைய பெட்டிகள் பல பயணங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தவைதான்.

எத்தனை டிகிரி வரை தாங்கும்? பெட்டியின் கதவை நேராகப் பார்த்து நின்றால் இடம் வலமாக 3 டிகிரி, முன் பின்னாக 6 டிகிரி என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை. ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். அந்த இடமும் வலமும் பெட்டிக்குரியவை, வண்டிக்குரியவை அல்ல. பெட்டி பெரும்பாலும் டிரெய்லரின் பக்கச் சுவரில் பதிந்திருப்பதால், பெட்டியின் இடம் வலம் டிரெய்லரின் முன் பின்னாகிவிடும். ஓடும் வண்டியில் இந்த எல்லை பொருந்தாது. சாலை குலுக்கும்போது திரவம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்து சராசரியாகச் சரியாகிவிடும். ஆபத்து, சாய்வில் அசையாமல் மணிக்கணக்காக நிற்பதில்தான்.

அண்மைக்காலத்து டிரெய்லர்கள் பலவற்றில் 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் குளிர்பெட்டி வைக்கிறார்கள். அதற்குச் சாய்வைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. எனவே மட்டக் கருவி வாங்கப் போகும் முன், தன் டிரெய்லரில் இருப்பது எந்த வகை என்று பார்த்துவிடுவது நல்லது. கேஸ் சுடர் வகை என்றால் மட்டம் ஒரு பாதுகாப்பு விதி. கம்ப்ரசர் வகை என்றால் கொஞ்சம் தளர்வு உண்டு. கொஞ்சம்தான், ஏனென்றால் குளியல் தொட்டியின் தண்ணீர் வடிகுழாய் இருக்கும் மூலைக்குத்தான் ஓட வேண்டும், தொட்டிகளின் அளவுகாட்டிகள் சரியாகக் காட்ட வேண்டும், கதவு திறந்த இடத்தில் நிற்க வேண்டும்.

நம் உடம்பும் மட்டத்தைக் கேட்கிறது. உட்செவியில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் பதிந்த சிறு உறுப்புகள் உண்டு. கீழ் எது என்று அவை ஓயாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். கண்ணோ சுவரையும் சன்னல் சட்டத்தையும் பார்த்து, அவை செங்குத்தானவை என்று எடுத்துக்கொள்ளும். சாய்ந்த டிரெய்லருக்குள் இரண்டு சாட்சிகளும் முரண்படுகின்றன. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் ‘மிஸ்டரி ஸ்பாட்’ என்ற சாய்ந்த வீடு சுற்றுலாப் பயணிகளை மயக்குகிறது. தண்ணீர் மேடேறுவது போலவும் ஆட்கள் உயரம் மாறுவது போலவும் அங்கே தோன்றும். பெர்க்லி உளவியலாளர்களான ஆர்தர் ஷிமமுராவும் வில்லியம் பிரின்ஸ்மெட்டலும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சாய்ந்த சூழல் நம் செங்குத்து உணர்வையே திருகிவிடுவதால் இது நேர்கிறது என்று காட்டினார்கள். டிரெய்லரில் சாய்வு இரண்டு மூன்று டிகிரிதான். மாயம் ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கும் நேரமெல்லாம் ஒரு சங்கடம் மட்டும் இருந்துகொண்டே இருக்கும்.

இதே கண்தான் நிலத்தைப் பார்த்து ‘சமமாகத்தான் இருக்கிறது’ என்றும் சொல்கிறது. அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊரைச் சுற்றிய பாலைநிலம் இதற்கு நல்ல இடம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து டிரெய்லர்களும் மோட்டார் வீடுகளும் அங்கே வந்து குவியும். நடுவண் அரசின் நிலமேலாண்மைத் துறை, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டநாள் தங்குவதற்கென்றே அங்கே நிலம் ஒதுக்கியிருக்கிறது. மேற்கே டோம் ராக் மலைகள், கிழக்கே பிளோமோசா மலைகள், நடுவில் லா போசா சமவெளி. பெயர் சமவெளி என்றாலும் அது சமமில்லை. மலைகளிலிருந்து வெள்ளம் காலங்காலமாக அடித்து வந்த சரளையும் மணலும் விசிறி போல விரிந்து படிந்த நிலம் அது. மலையடியிலிருந்து நடுப்பகுதி நோக்கி மெல்லச் சரிந்துகொண்டே போகும். சுற்றிலும் ஒரே சாய்வாக இருந்தால் கண்ணுக்கு ஒப்பிட வேறொன்று கிடைப்பதில்லை. லடாக்கில் லே நகருக்கு அருகே உள்ள காந்த மலையில் வண்டி மேடேறுவதாகத் தோன்றுவதும் இந்தக் காரணத்தால்தான். ஒன்றிரண்டு டிகிரியை வெறுங்கண்ணால் தீர்மானிக்க யாராலும் முடியாது. கருவி வேண்டும்.

கருவிகளில் பழையது ரசமட்டம். பிரான்ஸைச் சேர்ந்த மெல்கிசெடெக் தெவனோ 1661 வாக்கில் உருவாக்கியது. நேர்க்குழாய் போலத் தெரிந்தாலும் அதன் உட்புறம் மிக இலேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். குமிழி அந்த வளைவின் உச்சியைத் தேடிப் போகும். வளைவின் ஆரம் பெரிதாக இருந்தால் சிறு சாய்வுக்கும் குமிழி வெகுதூரம் ஓடும். ஆரம் 1 மீட்டர் என்றால் 1 டிகிரிக்குக் குமிழி சுமார் 17 மில்லிமீட்டர் நகரும். கட்டட வேலைக்கான நல்ல ரசமட்டத்தில் ஆரம் இன்னும் மிகப் பெரியது. ஒரு மீட்டர் நீளத்தில் அரை மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வைக்கூட அது காட்டிவிடும். டிரெய்லருக்கு இந்தத் துல்லியம் இடைஞ்சல். ஒரு டிகிரி சாய்வுக்கே குமிழி ஒரு முனையில் போய் ஒட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் தாழ்வு என்று சொல்லுமே தவிர எவ்வளவு தாழ்வு என்று சொல்லாது. டிரெய்லருக்கென விற்கும் ரசமட்டங்களில் வளைவு கூடுதல். டிகிரிக் கோடுகளும் போட்டிருக்கும். முன்முகத்தில் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் ஒட்டிவைத்தால் போதும்.

ஒட்டும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். டிரெய்லரின் வெளித்தகடு நேராக இருக்கும் என்று நம்பக்கூடாது. முதலில் குளிர்பெட்டியின் உறைபகுதித் தளத்தில் நல்ல ரசமட்டம் ஒன்றை வைத்து, இரண்டு திசைகளிலும் குமிழி நடுவுக்கு வரும்படி டிரெய்லரைச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகு வெளியே ஒட்டும் குழாய்களின் குமிழிகளை நடுவில் நிறுத்தி ஒட்ட வேண்டும். அந்த நல்ல ரசமட்டம் நல்லதுதானா என்று பார்ப்பதும் எளிது: ஓரிடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைக்கவும். குமிழி அதே பக்கம் அதே அளவு நின்றால் கருவி சரி, தளம்தான் சாய்வு. குமிழி இடம் மாறினால் கருவியில் பிழை. மாறிய தூரத்தில் பாதிதான் அந்தப் பிழையின் அளவு.

கைபேசியும் கோணம் காட்டும். அதற்குள் சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று மெல்லிய பட்டைகளில் தொங்குகிறது. சாய்க்கும்போது புவியீர்ப்பு அதை இம்மி நகர்த்த, பக்கத்துத் தகடுகளோடு அதற்குள்ள மின்தேக்குத் திறன் மாறும். அந்த மாற்றத்திலிருந்து சில்லு கோணத்தைக் கணக்கிடுகிறது. ஒரு டிகிரி சாய்வில் அந்த அச்சில் உணரப்படும் ஈர்ப்பு, முழு ஈர்ப்பில் நூற்றுக்கு 1.7 பங்குதான், அதையும் அது தெளிவாகப் பிடித்துவிடுகிறது. கைபேசியை மல்லாக்க வைத்தால் பின்பக்கக் கேமராவின் புடைப்பு ஏமாற்றும். 15 செ.மீ. நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் புடைப்பு இருந்தாலே அரை டிகிரிக்கு மேல் பிழை வந்துவிடும். இதே சில்லைத் தனிப்பெட்டியில் வைத்து, டிரெய்லருக்குள் திருகிப் பொருத்தி, ஓட்டுநரின் கைபேசிக்கு புளூடூத்தில் ‘வலப்புறம் 5 செ.மீ. தூக்கு’ என்று சொல்லும்படியும் விற்கிறார்கள். அடிக்கடி இடம் மாறுபவர்களுக்கு, முக்கியமாகத் தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு, இது தகுந்த செலவு என்பது என் எண்ணம். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி ஓட்டும் அலைச்சல் மிச்சமாகும்.

அளந்தாயிற்று, இனித் தூக்க வேண்டும். எதை, எங்கே, எந்த வரிசையில் என்ற கேள்விக்கு விடை டிரெய்லரின் வடிவிலேயே இருக்கிறது. இழுவண்டியிலிருந்து கழற்றிய டிரெய்லர் எதன்மேல் நிற்கிறது? இடச்சக்கரம், வலச்சக்கரம், முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ஏர்க்காலின் அடியில் ஒரு ஜாக்கி. மூன்றே இடங்கள். எவ்வளவு கரடான தரையிலும் மூன்று கல் அடுப்பின்மேல் பானை ஆடாமல் உட்காருவது போல, இந்த மூன்று புள்ளிகளும் எப்போதும் ஒரு தளத்தை உண்டாக்கும். இடம் வலச் சாய்வைச் சக்கரங்கள் தீர்மானிக்கின்றன. முன் பின் சாய்வை ஜாக்கி தீர்மானிக்கிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடாது. இந்த அமைப்பின் அழகே இதுதான். கருவி வாங்கும்போதும் மனதில் நிற்க வேண்டியது இதுதான்.

வரிசையும் இதிலிருந்தே வருகிறது. சக்கரத்தை உயர்த்த வண்டியின் இழுவிசை வேண்டும்; ஆகவே இடம் வலத்தை, டிரெய்லர் வண்டியோடு கோத்திருக்கும்போதே முடிக்க வேண்டும். பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். அதன் பிறகே கழற்றுவது. கடைசியாக ஜாக்கியால் முன் பின்னைச் சரிசெய்வது.

எவ்வளவு உயர்த்துவது என்பதற்குக் கணக்கு சுலபம். இரண்டு சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர் என்று கொண்டால், 1 டிகிரிக்கு மூன்றரை செ.மீ. உயர்த்த வேண்டும்; 3 டிகிரிக்கு பத்தரை செ.மீ. ஜாக்கிக்கும் அச்சுக்கும் இடைவெளி 5 மீட்டர் என்றால், அங்கே 1 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 9 செ.மீ. இந்த இரண்டு எண்களைத் தன் டிரெய்லருக்கு ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொண்டால், குமிழியைப் பார்த்ததும் எத்தனை பலகை என்று சொல்லிவிடலாம்.

பலகை என்றுதான் சொல்வேன். ஏனென்றால் மரப்பலகையைவிட நம்பகமான ஒன்றை இந்த வேலைக்கு நான் அறியேன். அமெரிக்க மரக்கடையில் இரண்டுக்குப் பத்து அங்குலம் என்று விற்கும் பலகை உண்மையில் 3.8 செ.மீ. தடிமனும் 23.5 செ.மீ. அகலமும் கொண்டது. ஒரு பலகைக்கு ஒரு டிகிரி என்று கணக்கு அநேகமாகப் பொருந்திவிடும். நுனியைச் சாய்வாக அறுத்துவிட்டால் சக்கரம் அலுங்காமல் ஏறும். கனம்தான் அதன் குறை. பிளாஸ்டிக் கட்டைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஒன்று ஏறத்தாழ இரண்டரை செ.மீ. உயரம், எடை மிகக் குறைவு. கரடுமுரடான சரளையில் ஒரு முனை மட்டும் முட்டி நின்றால் அவை வெடித்துவிடலாம். கடுங்குளிரிலும் நொறுங்கும் தன்மை கூடும். தரையைச் சீவிச் சமப்படுத்திவிட்டு வைப்பது நல்லது. மூன்றாவது வகை, பிறைபோல வளைந்த ஏற்றி. ஆண்டர்சன் நிறுவனத்தின் வளைந்த ஏற்றி இவற்றில் பெயர் பெற்றது. சக்கரம் அதன்மேல் முன்னேற ஏற, உயரம் சீராகக் கூடிக்கொண்டே போகும், சுமார் 10 செ.மீ. வரை. பலகையிலும் கட்டையிலும் உயரம் படிப்படியாகத்தான் கூடும். இதில் குமிழி நடுவுக்கு வந்த கணத்தில் நிறுத்தி, கூடவே வரும் ஆப்பைப் பின்னால் செருகிவிடலாம். டயரின் விட்டத்துக்கு இது பொருந்துமா, இரட்டை அச்சு டிரெய்லரில் இரண்டு டயர்களுக்கு இடையே இதன் நீளத்துக்கு இடம் உண்டா என்று வாங்கும் முன்பே அளந்து பார்க்க வேண்டும். இடம் போதாவிட்டால் நுனியை அறுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

எதை வைத்தாலும் டயரின் தரைபடும் பகுதி முழுவதும் அதன்மேல் இருக்க வேண்டும். ஓரம் வெளியே தொங்கினால், மொத்தச் சுமையும் மீதிப் பகுதியில் இறங்கி, ரப்பருக்குள் இருக்கும் எஃகு இழைப் பட்டையை வளைத்து நாள்கணக்கில் வைத்திருக்கும். அந்தச் சேதம் வெளியே தெரியாது. பிறகொரு நாள் நெடுஞ்சாலையில், வேகத்தில், டயர் பிரியும்.

இரட்டை அச்சு என்றால் தாழ்ந்த பக்கத்தின் இரண்டு சக்கரங்களையும் தூக்க வேண்டும். அச்சைத் தாங்க வில்பட்டை வைத்த டிரெய்லர்களில் முன்பட்டைக்கும் பின்பட்டைக்கும் நடுவே தராசுக்கோல் போன்ற இரும்பு ஒன்று சுமையைப் பகிர்ந்து கொடுக்கும்; ஒரு சக்கரம் மட்டும் உயர்ந்தால் ஓரளவு அது ஈடுகொடுக்கும். ரப்பர் முறுக்கு அச்சு வைத்தவற்றில் அப்படி ஏதும் இல்லை. ஒவ்வொரு சக்கரமும் தனி. அவற்றில் ஒன்றை மட்டும் தூக்கினால் அந்தப் பக்கத்துச் சுமை முழுக்க ஒரே டயரிலும் ஒரே அச்சிலும் இறங்கும்.

கட்டை கொடுப்பதில் தயக்கமே கூடாது. ஐரோப்பியக் காரவன்களில் கைப்பிரேக் உண்டு. வட அமெரிக்க டிரெய்லர்களில் பொதுவாகக் கிடையாது. அவற்றின் மின்பிரேக் இழுவண்டியிலிருந்து மின்சாரம் வந்தால்தான் பிடிக்கும். வண்டியைக் கழற்றிய கணத்தில் 3,000 கிலோ வீடு வெறும் உருளைகளின்மேல் நிற்கிறது. 3 டிகிரிச் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை 150 கிலோவுக்கு மேல். கோத்த இடம் அறுந்தால் டிரெய்லரின் பேட்டரியைக் கொண்டு பிரேக் பிடிக்கவைக்கும் அவசர ஸ்விட்ச் ஒன்று உண்டு. அதை இழுத்துவிட்டு நிறுத்தும் பிரேக்காகப் பயன்படுத்துவது தப்பு. பேட்டரி தீர்ந்ததும் பிடி விட்டுவிடும். கனமான ரப்பர்க் கட்டைகள் இருபுறமும், இரட்டை அச்சு என்றால் கூடுதலாக இரு டயர்களுக்கு நடுவே விரித்து இறுக்கும் கத்தரிப்பூட்டு. இதில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். கத்தரிப்பூட்டு தனியாகப் போதாது. இரவுக் குளிரில் டயர்க் காற்று சுருங்கினால் அதன் இறுக்கமும் தளரும்.

ஏர்க்கால் ஜாக்கிக்கு அடியில் என்ன வைக்கிறோம் என்பது எளிய இயற்பியல். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்த ஒரு காலில் இறங்கும். 3,000 கிலோவில் 12 சதவீதம், 360 கிலோ. பாதத்தட்டு 15 செ.மீ. சதுரம் என்றால் ஒரு சதுர செ.மீட்டருக்கு 1.6 கிலோ. மழை நனைத்த புல்தரையில் அது இரவோடிரவாக அமிழும். அடியில் 30-க்கு 40 செ.மீ. பலகை ஒன்றைப் போட்டால் அது 0.3 கிலோவாகக் குறைந்துவிடும். முன்பக்கத் தரை மிகத் தாழ்ந்திருந்தால் ஜாக்கியை முழு நீளத்துக்கும் நீட்டாமல் அடியில் அகலமான அடுக்கு வைத்து உயர்த்துவது நல்லது. நீண்ட கால் பக்கவாட்டில் வளையும். முன்பக்கத் தரை உயர்ந்திருந்தால் கதை வேறு. ஏர்க்காலைத் தரையைத் தாண்டி இறக்க முடியாது; இரு பக்கச் சக்கரங்களையும் பலகையில் ஏற்றினால்தான் மட்டம் கிடைக்கும். அந்த நிலை வந்தால் வேறு இடம் பார்ப்பதே நல்லது. இடம் வலத்தில் 10 செ.மீட்டருக்கு மேல் தூக்க வேண்டியிருந்தாலும் என் பதில் அதுதான்.

நான்கு மூலைகளிலும் மடக்கி இறக்கும் கால்களைப் பற்றி இதுவரை பேசவில்லை. வேண்டுமென்றேதான். அவை மட்டம் பார்க்கும் கருவிகளே அல்ல. மட்டம் முடிந்த பிறகு ஆட்டத்தைக் குறைப்பவை. டயரும் வில்பட்டையும் சேர்ந்து ஒரு சுருள்வில் போல இயங்குவதால், ஒருவர் உள்ளே நடந்தாலே வீடு ஊசலாடும். நாம் நடக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு காலடி வைக்கிறோம். பாரம் ஏற்றிய பட்டைகளின் இயல்பான அதிர்வும் அதற்கு வெகுதொலைவில் இல்லை. காலடியும் ஊசலும் ஒத்துப்போகும்போது ஆட்டம் பெருகும். மூலைக்கால்கள் தரையைத் தொட்டு இலேசாக இறுகினால் விறைப்பு கூடி, அதிர்வு எண் காலடியைவிட்டு விலகிப்போகும்.

தாழ்ந்த மூலையின் காலை முறுக்கித் தூக்கி மட்டத்துக்குக் கொண்டுவர முயல்வதுதான் இந்தத் துறையில் நான் காணும் மிகப் பரவலான பிழை. டிரெய்லரின் அடிச்சட்டம் திறந்த வெட்டுமுகம் கொண்ட எஃகு விட்டங்களால் ஆனது. செங்குத்தாக வளைவதை அவை நன்றாகத் தாங்கும். முறுக்கத்துக்கு எளிதில் இடம்கொடுத்துவிடும். ஒரு மூலையைத் தூக்கினால் குமிழி நடுவுக்கு வந்தது போலத் தோன்றும், உண்மையில் சட்டம் திருகியிருக்கும். கதவு பிடிக்கும், சன்னல் ஓரத்தின் பசை விரியும், கூரை மடிப்பில் நீர் கசியும். மூன்று புள்ளிகள் அமைதியாகத் தீர்மானித்த தளத்தோடு நான்காவது, ஐந்தாவது புள்ளிகள் சண்டையிடத் தொடங்கினால் தோற்பது சட்டம்தான். காலைக் கையால் இறக்கி, பாதம் பலகையைத் தொட்டபின் இன்னும் அரைச்சுற்று. அவ்வளவு போதும். துளையிடும் இயந்திரத்தை மாட்டி இறக்குபவர்கள் இந்த அரைச்சுற்றை உணர முடியாமல் போவதைக் கவனிக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் தானே மட்டம் பார்த்துக்கொள்ளும் ஹைட்ராலிக் கால்களும் உண்டு. அவை சட்டத்தைத் தூக்கவென்றே வலுப்படுத்திய இடங்களில் பொருத்தப்பட்டு, உணரிகளின் சொற்படி இரண்டிரண்டாக அசைபவை. மூலைக்கால்களோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிக்கப்பின் சரக்குத்தட்டில் கோக்கும் பெரிய ஐந்தாம்சக்கர டிரெய்லர்களிலும் மோட்டார் வீடுகளிலும் அவற்றுக்கு நியாயம் உண்டு. சிறிய டிரெய்லரில் அவற்றின் எடை, ஏற்றக்கூடிய சாமான் அளவைத் தின்றுவிடும். பேட்டரி இறங்கினால் கால்களும் நின்றுவிடும்.

முதல் டிரெய்லர் வாங்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது: ஒட்டும் ரசமட்டம் இரண்டு, சாய்வாக அறுத்த பலகைகள் ஆறு, நல்ல ரப்பர்க் கட்டைகள், ஜாக்கிக்கும் மூலைக்கால்களுக்கும் அகலப் பலகைகள். ஒரு பருவம் இவற்றோடு போய் வந்தபின், தன் கை எதில் சலிக்கிறது என்று தெரிந்துகொண்டு அடுத்ததை வாங்கலாம். பலகை எண்ணிக்கையில் தடுமாறுபவருக்கு வளைந்த ஏற்றி. ஏறி இறங்கி அலுத்தவருக்குப் புளூடூத் பெட்டி.

ஈரமண்ணிலோ மணலிலோ நிறுத்தியிருந்தால் மறுநாள் காலை குமிழியை மறுபடி பார்க்க வேண்டும். பலகைகள் ஓரிரு செ.மீ. அமிழ்ந்திருக்கும். ஆனால் ஜாக்கியை உடனே திருகக் கூடாது. மூலைக்கால்களை முதலில் விடுவித்து, வீட்டை மறுபடி அதன் மூன்று புள்ளிகளில் நிறுத்தி, ஜாக்கியால் சரிசெய்து, பிறகு கால்களை இறக்க வேண்டும். கிளம்பும்போதும் கால்கள்தான் முதலில் ஏற வேண்டும். டிரெய்லரை வண்டியில் கோத்து, கொக்கியின் பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பின்னரே சக்கரக் கட்டைகளை எடுக்க வேண்டும்.